இடது கால் சீட்டு

தையற்காரர் வீட்டு முன்னறையில் ஓர் எலி தொங்கிக்கொண்டிருந்தது. பயப்பட ஒன்றுமில்லை, படம்தான். சட்டைக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் கையை விரித்துக்கொண்டு நிற்கும்போது கண்ணுக்கு நேரே அதுதான் தெரியும். பெரியவர்கள் படமோ இயற்கைக் காட்சியோ மாட்ட வேண்டிய இடத்தில் எலிக்கு என்ன வேலை என்று பாதிப் பேர் வாய்விட்டே கேட்பார்கள். தையற்காரர் உதட்டில் கவ்வியிருக்கும் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்துவிட்டு நிதானமாகப் பதில் சொல்வார்.

"என் பையன் பேரு வெச்ச எலி. உலகத்துல எங்க போனாலும் அதுக்கு அந்தப் பேருதான்."

ஏதோ ஆராய்ச்சிப் பத்திரிகையிலிருந்து வெட்டியெடுத்த பக்கம் அது. கண்ணும் வாலும் இருக்கின்றனவா என்று தேட வேண்டிய ஒரு கொழுத்த எலி, வாய்க்கு வெளியே நீண்ட இரண்டு முன்பற்கள். கீழே லத்தீனில் இரண்டு சொற்கள். இரண்டாவது சொல் மகனுடைய பெயர், கடைசியில் ஓர் 'இ' சேர்ந்து. பேருக்குப் பின்னால் பட்டம் போட்டிருக்கிறார்கள் என்பது தையற்காரரின் எண்ணம். உண்மையில் அது 'இன்னாருடையது' என்பதற்கு லத்தீனில் போடுகிற வால். பத்தொன்பது வருஷமாக யாரும் அவரைத் திருத்தவில்லை. திருத்த மனசு வரவில்லை என்று சொல்வதுதான் சரி. அதற்கும் கீழே பொடி எழுத்தில் ஒரு தேதி. அது மகன் இறந்த நாள். வருஷத்தில் அந்த ஒரு நாள் அந்த வீட்டில் தையல் மிஷின் ஓடாது.

மகன் விலங்கியல் அருங்காட்சியகத்தில் வேலை பார்த்தான். மலையடிவாரங்களுக்குப் போய்ப் பொறி வைத்து எலி பிடிப்பான். தோலை உரித்துப் பஞ்சு அடைத்துத் தைப்பான். மண்டை ஓட்டைச் சுத்தம் செய்து சின்ன டப்பாவில் போடுவான். எங்கே, என்றைக்கு, யார் பிடித்தது என்று சீட்டு எழுதிக் காலில் கட்டுவான். ஊசிநூல் வேலை அப்பாவிடம் கற்றது. "நான் மனுஷனுக்குத் தைக்கறேன், அவன் எலிக்குத் தைக்கறான், தொழில் ஒண்ணுதான்" என்று தையற்காரர் அந்தக் காலத்தில் கிண்டல் செய்வார். மகன் இடதுகைக்காரன். சீட்டை எல்லாரும் வலது பின்னங்காலில் கட்டினால் அவன் இடதில் கட்டுவான். பெரிய பேராசிரியர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார், அப்புறம் விட்டுவிட்டார்.

அவன் பிடித்ததெல்லாம் வளை எலிகள். மண்ணுக்குள்ளேயே பிறந்து, மண்ணைப் பல்லால் சுரண்டிச் சுரண்டி வழி செய்து, மண்ணுக்குள்ளேயே செத்துப்போகிறவை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருப்பதும் அந்தப் பக்கம் இருப்பதும் ஒரே இனமா, வேறு வேறா என்று படித்தவர்கள் அறுபது வருஷமாக அடித்துக்கொள்கிறார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரு வயிற்றுப் பிள்ளைகள்தான். ஒருவர் ஏழு இனம் என்பார், இன்னொருவர் வந்து நாலாகக் குறைப்பார். எலிகளுக்கு இதில் அபிப்பிராயம் எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

அவன் இறந்தது மழைக்காலத்தில். ஓடைக்கரையில் ஒரு வளைக்குள் கையை விட்டுப் பொறி வைத்துக்கொண்டிருந்தபோது, நனைந்து ஊறிப்போயிருந்த கரை அப்படியே சரிந்து மூடிவிட்டது. தோண்டியெடுத்தபோது இடுப்புப் பையில் ஓர் எலி இருந்தது. பெரிய பேராசிரியர் அந்த எலியை ஒரு மாதம் அளந்து பார்த்தார். நிறம் வெளுப்பு, மண்டை பெரிசு, இது புது இனம் என்று எழுதி அவன் பெயரையே வைத்தார். ஒரு பெயருக்கு உலகத்தில் ஒரே ஓர் உடல்தான் சாட்சி. அந்த உடலின் காலில் சிவப்புச் சீட்டு கட்டுவார்கள். சிவப்புச் சீட்டு கட்டியவைக்குத் தனி அலமாரி, தனிப் பூட்டு.

மருமகளுக்கு அப்போது இருபத்துநாலு வயசு. கல்யாணமாகி இரண்டு வருஷம், குழந்தை இல்லை. கருணை அடிப்படையில் அங்கேயே ஒரு வேலை கொடுத்தார்கள், பாட்டில் கழுவுகிற வேலை. கழுவிக்கொண்டே பக்கத்தில் நடப்பதைப் பார்த்தாள், படித்தாள், பரீட்சை எழுதினாள். இப்போது டி.என்.ஏ. அறை அவள் பொறுப்பில் இருந்தது. தாய்வீட்டில் எத்தனையோ முறை கூப்பிட்டும் மாமனாரைத் தனியாக விட்டுவிட்டுப் போக அவள் ஒப்பவில்லை. அவரும் வருஷத்துக்கு ஒருமுறை "நீ போம்மா" என்று ஒப்புக்குச் சொல்லிவிட்டு, என்ன பதில் வருமோ என்று மிஷினை வேகமாக மிதிப்பார்.

மழை பிடித்துக்கொண்ட ஒரு திங்கட்கிழமை பெரிய மேடம் அவளைக் கூப்பிட்டார். பெரிய மேடம் என்பது பதவியால். வயசில் மருமகளைவிடச் சின்னவர்.

"உக்காருங்கக்கா. வளை எலி மொத்தத்துக்கும் டி.என்.ஏ. பார்த்து, யாரு யாருக்குச் சொந்தம்னு ஒரே மரமா போட்டுடலாம்னு முடிவாயிருக்கு. இருநூத்திப் பன்னெண்டு தோல்."

"சரி மேடம்."

"சிவப்புச் சீட்டும் சேத்துத்தான்."

மருமகள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஒண்ண மட்டும் வேற யாரையாவது பார்க்கச் சொல்றேன். நீங்கதான் செய்யணும்னு இல்ல."

"அது என்ன ஆகும்னு நினைக்கறீங்க?"

மேடம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினார். "ஒரே ஒரு எலிய வெச்சுச் சொன்ன இனம். பத்தொன்பது வருஷத்துல ரெண்டாவது ஒண்ணு யாருக்கும் கெடைக்கல. நிக்காதுன்னுதான் எனக்குத் தோணுது. நிக்கலைன்னா பழைய இனத்தோட சேத்துடுவோம்."

"சேத்துட்டா அந்தப் பேரு?"

"பட்டியல்ல ஓரமா கெடக்கும். யாரும் கூப்பிட மாட்டாங்க."

"நானே செய்யறேன் மேடம். வேற யாராவது கை வெச்சா எனக்கு மனசு கேக்காது."

அன்று சாயங்காலம் அவள் வீட்டுக்கு வந்தபோது தையற்காரர் ஒரு பழைய கோட்டின் உள்துணியைப் பிரித்துக்கொண்டிருந்தார். அவள் குடையை உதறி மாட்டினாள். டீ போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றி, அவருடையதை மிஷின் பலகையின் ஓரத்தில், துணி படாத இடத்தில் வைத்தாள்.

"மாமா, அந்த எலியப் பரிசோதன பண்ணப்போறாங்க."

"எந்த எலிய?" கேட்டுவிட்டு அவரே சுவரைப் பார்த்தார். "அதான் அப்பவே பார்த்துட்டாங்களே."

"அப்ப வெளியில பார்த்தாங்க. இப்ப உள்ள பார்ப்பாங்க. ரத்த சொந்தம் பார்க்கற மாதிரி."

"பார்த்து?"

"தனி இனம் இல்லன்னு வந்துட்டா அந்தப் பேர எடுத்துடுவாங்க."

பிரித்துக்கொண்டிருந்த கை நின்றது. "செத்தவன் பேர எடுக்கறதுக்குன்னு ஒரு ஆபீஸு. யாரு பார்க்கப்போறது?"

"நான்தான்."

அவர் டீயை எடுத்து ஒரு வாய் குடித்தார். நூல் துணுக்குகளை மடியிலிருந்து பொறுக்கி ஒரு பந்தாக உருட்டினார். "நீ பார்த்தா, கொஞ்சம் பார்த்துப் பார்ப்பியாம்மா?"

"அது ஒரே மாதிரிதான் மாமா பார்க்க முடியும்."

"இல்ல, சும்மாதான் கேட்டேன்."

பாத்திரம் கழுவப் போனவள் குழாயைத் திறந்துவிட்டுச் சும்மா நின்றாள். அவன் கடைசியாகப் பேசியது இதே வீட்டுத் தொலைபேசியில்தான். மலையடிவாரத்தில் ஏதோ ஒரு கடையிலிருந்து கூப்பிட்டிருந்தான். மறுநாள் கிளம்பி வந்திருக்க வேண்டியவன். "ஒண்ணு கெடச்சிருக்கு. வேற மாதிரி. முன்பல்லுல நெட்டுக்கு ஒரு கோடு ஓடுது. ஒண்ண மட்டும் வெச்சுச் சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. இன்னொண்ணு கெடச்சதும் வந்துடறேன்" என்றான். அவளுக்கு அன்றைக்கு எரிச்சல். பதினைந்து நாள் ஆகியிருந்தது அவன் போய். "எலி எலிதானே. வீட்டுக்கு வாங்க" என்றாள். அவன் சிரித்துவிட்டு வைத்துவிட்டான். ஆறு நாள் கழித்து ஜீப்பில் கொண்டுவந்தார்கள்.

எலி எலிதான் என்று இப்போது டி.என்.ஏ. அறை மிஷினே சொல்லப்போகிறது. தன் வாய்ச்சொல் பலித்துவிடக் கூடாது என்பதுதான் அவள் பயம்.

வேலை ஐந்து வாரம் நடந்தது. தோலிலிருந்து துணுக்கு வெட்டுவது சாவிக்காரரின் பொறுப்பு. அருங்காட்சியக அலமாரிகள் அத்தனைக்கும் சாவி அவர் இடுப்பில் இருந்தது. அந்தக் காலத்தில் முகாமுக்கு ஜீப் ஓட்டியவர், மகனுடைய கூட்டாளி, கரை சரிந்த அன்று மண்ணைத் தோண்டியவர்களில் ஒருவர். கால்விரலிலிருந்து அரிசியில் பாதி அளவு துணுக்கு வெட்டி, ட்யூபில் எண் மட்டும் எழுதிக் கொடுப்பார். எந்த எண் எந்த எலி என்பது மேடத்தின் பட்டியலில் இருக்கும். சிவப்புச் சீட்டின் ட்யூபை மட்டும் அவர் ராக்கில் வைக்காமல் கையில் கொண்டுவந்து கொடுத்தார். "இதான் தங்கச்சி" என்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

பழைய தோலில் டி.என்.ஏ. முழுசாக இருக்காது. நைந்து துண்டு துண்டாகக் கிடக்கும். தும்மினால்கூட நம்முடையது போய்க் கலந்துவிடும். தலைக்கு உறை, வாய்க்கு மூடி, இரண்டு ஜோடிக் கையுறை போட்டுக்கொண்டு காற்றுப் புகாத அறையில் உட்கார வேண்டும். துணுக்கைக் கரைக்க வேண்டும், கழுவ வேண்டும், சுழற்ற வேண்டும், காத்திருக்க வேண்டும், மறுபடி கழுவ வேண்டும். கண்ணாடிக்கு வெளியே மழை சத்தமில்லாமல் பெய்தது. பாட்டில் கழுவத் தொடங்கியவள் இப்போது கண்ணுக்குத் தெரியாததைக் கழுவுகிறாள் என்று அங்கே ஒரு கேலி உண்டு. அவளும் சேர்ந்து சிரிப்பாள். அந்த ஐந்து வாரம் யாரும் அந்தக் கேலியைச் சொல்லவில்லை.

வேலை முடிந்ததும் மேடம் அவளைக் கூப்பிட்டு மேஜைமேல் மரத்தை விரித்தார். படுத்திருக்கிற மரம். கிளை நுனிகளில் இலைக்குப் பதில் எண்கள்.

"சிவப்புச் சீட்டு இதோ. அடிவாரத்துல சாதாரணமா கெடைக்கற எலிங்களோட ஒட்டிக்கிட்டு நிக்குது. வயசான ஆண் எலி. அதான் வெளுப்பு, அதான் பெரிய மண்டை. பேராசிரியர் அன்னிக்கு இருந்த மனசுக்குப் புதுசா தெரிஞ்சிருக்கும்."

மருமகள் தலையசைத்தாள். எந்த எண் எதுவென்று தெரியாவிட்டாலும் அந்த ஒரு ட்யூபின் எண் அவளுக்குத் தெரியும். மூன்று நாளாகத் தெரிந்த விஷயம்தான். இன்னொருவர் வாயால் கேட்பது வேறாக இருந்தது.

"ஆனா இதப் பாருங்க. முப்பத்தொன்பது." மேடத்தின் விரல் மரத்தின் அடிக்கே போனது. கூட்டத்தை விட்டு விலகி ஒற்றைக் கோடு ஒன்று தனியாக ஓடியது. "அதே மலை, அதே முகாம். சாதாரண எலின்னு எழுதியிருக்கு. ஆனா இந்தக் கூட்டத்துல யாருக்கும் இது சொந்தமில்ல. ஆத்துக்கு அந்தப் பக்கத்துக்கும் சொந்தமில்ல. புது இனம்னு சொல்றதுக்கு எவ்வளவு விலகியிருக்கணுமோ, அதைப்போல ரெண்டு மடங்கு விலகியிருக்கு."

"நானும் பார்த்தேன் மேடம்."

"தப்பா எடுத்துக்காதீங்கக்கா. ட்யூப் மாறியிருக்குமா? ரெண்டும் ஒரே நாள்ல ஒரே ராக்குல இருந்திருக்கு. இது அதுவா, அது இதுவா இருந்துட்டா?"

வேறொரு நாளாக இருந்தால் அவளுக்குச் சுருக்கென்றிருக்கும். பதினாலு வருஷத்தில் அவள் ஒரு ட்யூப் மாற்றியதில்லை. அன்று அப்படி இருக்கவில்லை. ட்யூப் மாறியிருந்தால் அந்தத் தனிக் கோடு சிவப்புச் சீட்டு. பெயர் நிற்கும். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் ஒரு தப்புச் செய்திருக்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டாள்.

"மாறியிருக்கலாம் மேடம். மறுபடியும் பார்த்துடுங்க. நான் அறைக்கு வரல, வேற ஆள் செய்யட்டும்."

வீட்டில் அதைச் சொன்னதும் தையற்காரருக்கு முகமே மாறிவிட்டது. "நீ தப்பு பண்ணியிருந்தா ரொம்ப நல்லதுதான்ம்மா. மனுஷன்னா ஒரு தடவையாவது பண்ணணும்" என்றார். அன்று அவரே இரண்டு முட்டை உடைத்து ஊற்றி, ரொட்டியைச் சுட்டு, அவளை உட்காரவைத்துப் பரிமாறினார். ஒரு வாரம் அந்த வீடு அவளுடைய தப்பை நம்பி இருந்தது. இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவேயில்லை, ஆனால் சுவரில் இருந்த எலிப் படத்தின் கண்ணாடியை யாரோ துடைத்திருந்தார்கள்.

மறுபடியும் அதேதான் வந்தது. எண்ணுக்கு எண் அப்படியே. அவள் தப்புச் செய்திருக்கவில்லை.

மத்தியானம் அவள் சாவிக்காரரிடம் போனாள். "அண்ணே, அந்த முப்பத்தொன்பத நான் கண்ணால பார்க்கணும்."

அலமாரி அறையில் பூச்சி மருந்து வாசனை. சாவிக்காரர் இழுப்பறையை இழுத்து மேஜையில் வைத்தார். அந்த முகாமின் எலிகள் ஒன்பதும் வரிசையாக மல்லாந்து கிடந்தன. வயிற்றில் தையல் ஒரே சீராக ஓடியது. ஒன்பதுக்கும் சீட்டு இடது காலில். அவன் கைக்காரியம் இவ்வளவு ஒன்றாக அவள் பார்த்ததில்லை. விரலால் தொடாமல் ஒவ்வொன்றின் மேலும் கையைக் கொண்டுபோனாள்.

"சிவப்புச் சீட்டு எந்தக் காலுலண்ணே இருக்கு?"

"வலது காலு. அத நான்தானே கட்டினேன். அவன் எங்க இருந்தான் கட்டறதுக்கு?"

முப்பத்தொன்பதின் சீட்டில் அவன் கையெழுத்து, இடப்பக்கம் சாய்ந்து. தேதியைப் படித்தாள். அவன் சாவதற்கு ஆறு நாள் முன்னால். தொலைபேசியில் பேசிய நாள். சீட்டின் முன்பக்கத்தைத்தான் பதிவேட்டில் எழுதிக்கொள்வார்கள். பின்பக்கம் பஞ்சுப் படுக்கையில் அழுந்திக் கிடந்தது. இடுக்கியால் மெல்லப் புரட்டினாள். பென்சிலால் ஒரே ஒரு சொல் எழுதியிருந்தது.

வேற?

"மண்டையோட்டு டப்பாவக் குடுங்கண்ணே." பூதக்கண்ணாடிக்குக் கீழே இரண்டு மஞ்சள் முன்பற்கள். இரண்டிலும் மேலிருந்து கீழ்வரை நெட்டுக்கு ஒரு கோடு. பக்கத்து டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். வேறு எதிலும் கோடு இல்லை.

சாவிக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். "பேராசிரியர் எங்கிட்டதான் கேட்டாரு தங்கச்சி. வேற மாதிரி ஒண்ணு இருக்குன்னு சொல்லிட்டிருந்தானே, எதுன்னு. நான் பையில இருந்ததக் காமிச்சேன். அதுக்காகத்தானே அந்த மழையில போனான், அதாத்தான் இருக்கும்னு நினைச்சேன். முன்னாடியே ஒண்ணப் பிடிச்சு, தைச்சு, தட்டுல வெச்சிட்டுதான் போயிருக்கான்னு எனக்குத் தோணவே இல்ல."

"எங்கிட்ட சொன்னாரு. ஒண்ணு கெடச்சிடுச்சு, ரெண்டாவதுக்குத்தான் போறேன்னு."

"நீ ஏன் அப்பவே சொல்லல?"

"யாரும் கேக்கலியேண்ணே. எல்லாம் தெரிஞ்சவங்க எழுதினது, சரியாத்தான் இருக்கும்னு இருந்துட்டேன்." அவள் டப்பாக்களை ஒவ்வொன்றாக மூடினாள். "வீட்டுப் படத்துல தேதி போட்டிருக்கு. தினமும் பார்க்கறேன். அது அவர் போன தேதின்னுதான் எனக்குத் தெரியும். எலி பிடிச்ச தேதின்னு ஒரு நாள்கூட நான் படிச்சதில்ல. படிச்சிருந்தா, ஆறு நாள் முன்னாடியே கெடச்சதா அவர் சொன்ன எலி இது இல்லன்னு அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்."

சாவிக்காரர் சட்டை நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் பேர நான்தான் தப்பான கால்ல கட்டிட்டேன்" என்றார். அவளிடம் அப்போது ஆறுதல் எதுவும் மிச்சமில்லை.

மேடம் பற்களைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், பின்பக்கத்துச் சொல்லை வெகுநேரம் பார்த்தார். சாதாரணமாகச் சட்டென்று பேசிவிடுகிறவர் அன்று தேடித் தேடிப் பேசினார்.

"அவர் சொன்னது சரிதான்கா. புது இனத்தத்தான் பிடிச்சிருக்காரு."

"அப்ப அந்தப் பேர இதுக்கு மாத்திடலாமா மேடம்?"

"அதான் முடியாது. பேரு அந்த உடம்போட போறது. யார மனசுல வெச்சு வெச்சோம்ங்கறது கணக்கில்ல. சிவப்புச் சீட்டு சாதாரண எலின்னா, பேரும் அதோட சேந்து முழுகிடும்."

"முழுகினத எடுத்து இதுக்கு வெக்கக் கூடாதா?"

"ஒரு தடவ வெச்ச பேரு, செத்தாலும் அந்த எடம் காலியாகாது. இந்தக் குடும்பத்துல இன்னொரு எலிக்கு அதே பேரு ஆகாதுன்னு விதி. மேல ஒரு சபை இருக்கு, மனு போட்டுப் பார்க்கறேன். ஆனா யாரும் புழங்காத பேருக்காக விதிய வளைக்க மாட்டாங்க. உங்ககிட்ட பொய் சொல்ல எனக்கு இஷ்டமில்ல."

"சாதாரண எலிக்கு அவர் பேரு, அவர் கண்டுபிடிச்சதுக்கு இல்ல."

"அப்படித்தான் ஆயிடுச்சு." மேடம் சீட்டைப் பழையபடி திருப்பி வைத்தார். "புதுசா ஒரு பேரு வெக்கணும். நீங்க சொல்லுங்கக்கா. அவர் பேரத் தவிர எது வேணாலும் சொல்லுங்க."

அன்று அவள் பஸ்ஸை விட்டுவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தாள். நடந்தால் கொஞ்சம் நேரம் கழித்துப் போகலாம். தையற்காரர் வாசல் விளக்கைப் போட்டுவிட்டு நின்றுகொண்டிருந்தார். அவள் முகத்தைப் பார்த்ததும் உள்ளே போய் மிஷின் முன்னால் உட்கார்ந்துகொண்டார்.

"தப்பு பண்ணலையா?"

"பண்ணல மாமா."

"ம்."

அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். தொலைபேசியில் அவன் சொன்னது, தான் சொன்னது, பல்லில் இருந்த கோடு, சீட்டின் பின்பக்கம், வலது கால், இடது கால். எலி எலிதான் என்று தான் சொன்னதை இத்தனை வருஷத்தில் அவரிடம் சொன்னதில்லை. சொல்லும்போது அழுதாள்.

"அப்ப அவன் கெட்டிக்காரன்தான்" என்றார் கடைசியில்.

"ஆமா மாமா."

"எனக்கு உள்ளுக்குள்ள எப்பவும் ஒரு சந்தேகம்மா. செத்துட்டானேன்னு பாவப்பட்டு வெச்ச பேரோன்னு. வர்றவன் போறவன்கிட்டல்லாம் பெருமையா சொல்லுவேன், சொல்லி முடிச்சதும் அந்தச் சந்தேகம் வரும். பாவப்பட்டுத்தான் வெச்சிருக்காங்க. ஆனா அவன் பிடிச்சது நெசம்."

"நெசம்."

"இடது காலுல கட்டியிருந்தான்னு சொன்னியே." அவர் மேஜை மேலிருந்த மர அளவுகோலை எடுத்தார். ஓரம் தேய்ந்த பழைய அளவுகோல். "இதாலதான் அடிப்பேன். சோத்தாங்கையில பிடிடா, சோத்தாங்கையில பிடிடான்னு. கை தடிப்பு தடிப்பா வீங்கிடும். தைக்கற கடையில பீச்சாங்கையில கத்தரி பிடிச்சா துணி கோணும்னு எனக்கு ஒரு எண்ணம். எட்டு வயசு வரைக்கும் அடிச்சேன். என் எதிர்ல வலது கையில தைப்பான். நான் அந்தப் பக்கம் போனதும் கை மாத்திக்குவான். முடிச்சப் பார்த்தா எனக்குத் தெரிஞ்சிடும். அவன் போடற முடிச்சு தலைகீழா இருக்கும்."

"இப்பவும் அப்படியேதான் இருக்கு. ஒண்ணுகூட அவிழல."

"அவிழாது." அவர் அளவுகோலைக் கீழே வைத்தார். வைத்த இடத்திலிருந்து கையை எடுக்க அவருக்கு நேரம் பிடித்தது.

மருமகள் எழுந்து முகம் கழுவிக்கொண்டு வந்தாள். "புதுசா பேரு வெக்கணுமாம். அவர் பேரு கூடாது. வேற எது வேணாலும் சொல்லச் சொன்னாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல மாமா."

"லத்தீன்ல பீச்சாங்கைக்கு வார்த்த உண்டா?"

"இல்லாம இருக்குமா? மேடத்தைக் கேக்கறேன்."

"அத வெக்கச் சொல்லு. நான் அடிச்சும் மாறாத கை அது. அவன் பேரு இல்லன்னாலும் அந்தக் கையோட பேரு இருக்கட்டும்."

படத்தைக் கழற்றிவிடலாமா என்று அவள் கேட்டாள். வேண்டாம் என்றார். அவன் கடைசியாகப் பிடித்த எலி அதுதானே என்றார். அப்புறம் நூற்கண்டிலிருந்து ஒரு முழம் இழுத்து, மிஷினின் சக்கரத்தில் சுற்றி, இடது கையால் முடிச்சுப் போட்டுப் பார்த்தார். எழுபத்தெட்டு வயசுக் கை, சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. அவிழ்த்துவிட்டு மறுபடி போட்டார். மகன் எப்படிப் போட்டிருப்பான் என்று யோசித்து யோசித்து நாலாவது தடவை பிடித்துவிட்டார். "இந்தா, இப்படித்தான். இங்க வந்து பாரு" என்று அவளைக் கூப்பிட்டார். சாப்பாட்டு நேரம் தாண்டும்வரை இரண்டு பேரும் சக்கரத்தில் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு மாதம் கழித்து முப்பத்தொன்பதுக்குச் சிவப்புச் சீட்டு வந்தது. இடது கையைக் குறிக்கிற லத்தீன் சொல், அதன் பக்கத்தில், பேர் வைத்தவர்கள் என்று, மேடத்தின் பெயரும் மருமகளின் பெயரும். பிடித்தவர் என்ற இடத்தில் மட்டும் அவன் பெயர் இருந்தது, அதுவும் பதிவேட்டு எழுத்தில், வால் எதுவும் இல்லாமல். பழைய சீட்டை எந்தக் காலத்திலும் கழற்றக் கூடாது என்பது அங்கே விதி. அதை விட்டுவிட்டுப் பக்கத்தில்தான் கட்ட வேண்டும். சாவிக்காரர் இழுப்பறையை வைத்துவிட்டு, தானாகவே வெளியே போய்க் கதவைச் சாத்தினார்.

அவள் இடது காலை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள். காய்ந்த குச்சி போல இருந்தது. நூலை இடது கையால் சுற்றி, மாமனார் காட்டின மாதிரி தலைகீழாக இழுத்தாள். முதல் தடவை நழுவியது. இரண்டாவது தடவை நின்றது. அவன் முடிச்சும் அவள் முடிச்சும் ஒரே காலில் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன. பழைய சீட்டின் பின்பக்கத்தை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். கேள்விக்குறி கொஞ்சம் மங்கியிருந்தது.

"ஆமாங்க" என்றாள். "வேறதான்."

அப்புறம் இழுப்பறையை உள்ளே தள்ளிவிட்டு, கதவைத் திறந்து, சாவிக்காரரைப் பூட்டச் சொன்னாள்.